இடக்கையை நடக்கப் பழக்குதல்: ஜாஸ் பியானோ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வியல் பியானோவில் சில படிநிலைத் தேர்வுகளை முடித்துவிட்டு ஜாஸ் பக்கம் திரும்பியிருக்கும் மாணவர்களுக்கு,

ஜாஸ் பயில வரும் பியானோ மாணவர் முதல் சில ஆண்டுகளை வலக்கையின் கற்பனையை வளர்ப்பதிலேயே செலவிடுவது வழக்கமாக இருக்கிறது. அதுவரை இடக்கை கார்டுகளைப் பிடித்துக்கொண்டு, அதாவது மூன்று நான்கு சுரங்களை ஒருசேர அழுத்திக்கொண்டு, வலக்கைக்கு இடம்விட்டு ஒதுங்கியே நிற்கிறது. இம்மடல் அந்த இடக்கையைப் பற்றியது. குறிப்பாக, வாக்கிங் பாஸ் என்று இசைக்காரர்கள் சொல்லும் முறையை அதற்குப் பழக்குவதைப் பற்றியது. தட்டுக்கு ஒரு சுரமாக, நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பாருக்கு நான்கு சுரங்களாக, எங்கும் நிற்காமலும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமலும், பாட்டின் கார்டுகள் மாறிச் செல்லும் வழியிலேயே கூடச்செல்லும் தாழ்ந்த குரல்தான் வாக்கிங் பாஸ். ஜாஸ் குழுக்களில் அது டபுள் பாஸ் என்னும் ஆளுயர நரம்புக் கருவியின் வேலை. அதைத் தம் இடக்கைக்குள் கொண்டுவர முயலும் மாணவர் எந்தச் சுரத்தை அழுத்துவது என்ற கேள்வியில்தான் முதலில் சிக்கிக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு விடை சில வாரங்களில் கிடைத்துவிடும். ஒரு பாரின் நான்காம் தட்டு அடுத்த பாரின் முதல் தட்டுக்காகவே வாசிக்கப்படுகிறது என்பதை விரல்கள் ஏற்றுக்கொள்வதற்கும், நான்கு தட்டுகளும் ஒரே சீராக விழுவதற்கும்தான் நெடுங்காலம் பிடிக்கிறது.

இந்த முறை பியானோவின் சுமையைக் குறைத்த ஒன்று என்பதை அதன் வரலாறு காட்டுகிறது. 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜேம்ஸ் பி. ஜான்சன், வில்லி ஸ்மித், ஃபேட்ஸ் வாலர் ஆகியோர் வளர்த்தெடுத்த ஸ்ட்ரைடு வாசிப்பில் பியானோக்காரரின் இடக்கையே ஒரு முழுத் தாளக்குழுவாக இயங்கியது: ஒன்றாம், மூன்றாம் தட்டுகளில் கட்டைகளின் இடதுகோடியில் ஒரு தாழ்சுரம், இரண்டாம், நான்காம் தட்டுகளில் நடுப்பகுதியில் ஒரு கார்டு என்று அந்தக் கை ஓரிரு எண்மங்களை, அதாவது ஆக்டேவ்களை, தாண்டித் தாண்டி விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதே காலத்தில் வேறு ஊர்களில் பரவிய பூகி-வூகியில் இடக்கை ஒரு சிறு வடிவத்தை எடுத்துக்கொண்டு கார்டு மாறும்போதெல்லாம் அதை இடம்பெயர்த்து வைக்கும். பைன்டாப் ஸ்மித் 1928-ல் பதிவு செய்த பாட்டும், அடுத்த பத்தாண்டில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீட் ஜான்சன் ஆகியோர் புகழ்பெறச் செய்த வாசிப்பும் இவ்வகைப்பட்டவை. இவ்விரண்டையும் வாக்கிங் பாஸோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் பலர். ஸ்ட்ரைடில் தாவுதல் உண்டு, பூகியில் சுழற்சி உண்டு; வாக்கிங் பாஸிலோ எப்போதும் ஏதோ ஓர் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருத்தல் மட்டுமே உண்டு.

1900-ஆம் ஆண்டு பிறந்த டபுள் பாஸ் கலைஞர் வால்டர் பேஜ் இந்தப் போக்கை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். ஓக்லஹோமா சிட்டியை மையமாகக் கொண்ட புளூ டெவில்ஸ் குழுவை நடத்திய அவர், பின்னர் கான்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டனின் குழுவிலும் அதன்பின் கவுண்ட் பேஸியின் குழுவிலும் வாசித்தார். இதில் பியானோ மாணவர் கவனிக்க வேண்டியவர் பேஸிதான். ஃபேட்ஸ் வாலரைப் பார்த்து வளர்ந்த, ஸ்ட்ரைடு நன்றாகவே கைவந்த அந்தக் கலைஞர், பக்கத்தில் பேஜின் பாஸ் நான்கு தட்டுகளையும் தாங்கிக்கொண்டதும் தம் இடக்கையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இரண்டு மூன்று சுரங்களைத் தெறித்துவிட்டு ஒரு பார் முழுதும் சும்மா இருக்கும் வாசிப்புக்கே பெயர்பெற்றவரானார். 1937-ல் கிட்டார் கலைஞர் ஃபிரெடி கிரீன் சேர்ந்தபின், பேஸி, கிரீன், பேஜ், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் ஆகிய நால்வரும் அமைத்த தாளப்பகுதி பின்வந்த பல குழுக்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1936-ல் ஜோன்ஸ்-ஸ்மித் என்ற பெயரில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனோடு சிறு குழுவாகப் பேஸி செய்த சிகாகோ பதிவுகளில் கிட்டார் இல்லை. ஆகவே பேஜின் பாஸ் தனித்துக் கேட்கும். வாக்கிங் பாஸைப் பற்றிப் படிக்கும் முன் கேட்க விரும்புபவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது. அதன்பின் டியூக் எலிங்டன் குழுவில் 1939 முதல் இரண்டே ஆண்டுகள் வாசித்து, காசநோயால் 23 வயதில் மறைந்த ஜிம்மி பிளாண்டன், ஆஸ்கர் பீட்டர்சனோடு வாசித்த ரே பிரவுன், மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பால் சேம்பர்ஸ், அவருக்குப்பின் ரான் கார்ட்டர் என்று அந்த மரபு நீள்கிறது.

பாஸ் கலைஞர் இல்லாத இடத்தில் பியானோக்காரர் அந்த வேலையைத் திரும்பத் தம் கையில் எடுத்துக்கொண்டதற்கு இரண்டு சான்றுகள் போதும். கண்பார்வையற்றவரான லென்னி டிரிஸ்டானோ 1962-ல் வெளிவந்த "தி நியூ டிரிஸ்டானோ" என்ற தொகுப்பில் தனியாளாக அமர்ந்து, இடக்கையால் இடைவிடாமல் வாக்கிங் பாஸும் வலக்கையால் நெடிய வரிகளும் வாசிக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன் வந்த அவருடைய பதிவுகளில் நாடாவின் வேகத்தை மாற்றியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தும் செய்த சோதனைகள் சர்ச்சைக்கு உள்ளாகியிருந்ததால், இந்தத் தொகுப்பில் அத்தகைய மேலடுக்கு எதுவும் இல்லை என்பது சிறப்பாகச் சொல்லப்பட்டது. ரோட் ஐலண்டு மாநிலத்தின் வூன்சாக்கெட்டில் பிறந்து, 1980-களில் பாஸ்டன் நகரின் காப்ளி பிளாஸா ஓட்டலில் நெடுங்காலம் வாசித்த டேவ் மெக்கென்னாவின் வாசிப்பு வேறுவகை: பாஸ் ஒருபுறம், மெட்டு ஒருபுறம், இரண்டுக்கும் நடுவே எந்தக் கைக்கும் சொந்தமில்லாததுபோல் அவ்வப்போது தலைகாட்டும் கார்டு. அவருக்கு மூன்று கைகள் இருப்பதாகவே கேட்பவருக்குத் தோன்றும். இவ்விருவரோடு ஹேமண்ட் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1956 முதல் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த அவருடைய குழுக்களில் பெரும்பாலும் பாஸ் கலைஞரே கிடையாது, இடக்கை நடக்க, கால்மிதிகள் ஒவ்வொரு தட்டின் தொடக்கத்தையும் கூர்மையாக்கும். ஆனாலும், இவர்களைப் போலச் செய்ய முனைவதற்கு முன் பாஸ் கலைஞர்களைக் கேட்டு முடித்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பியானோக்காரரைப் பார்த்து மட்டுமே பாஸ் பழகுபவரின் இடக்கை கடைசிவரை பியானோக்காரரின் இடக்கையாகவே ஒலிக்கும்.

இனிச் செய்முறை. எடுத்துக்காட்டாக எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸை எடுத்துக்கொள்ளலாம். ப்ளூஸ் என்பது இங்கே 12 பார்களில் ஒரு சுற்று முடியும் கார்டு வரிசையைக் குறிக்கிறது. அதன் முதல் நான்கு பார்களில் எஃப் செவன்த், பி-ஃப்ளாட் செவன்த், மறுபடி எஃப் செவன்த் இரண்டு பார் என்று கார்டுகள் அமைந்து, ஐந்தாம் பாரில் பி-ஃப்ளாட் செவன்த் திரும்ப வரும். செவன்த் கார்டு என்பது மூலச்சுரம், அதன் மூன்றாவது, ஐந்தாவது, அரைச்சுரம் குறைந்த ஏழாவது ஆகிய நான்கும் சேர்ந்தது. எஃப் செவன்த் என்றால் எஃப், ஏ, சி, ஈ-ஃப்ளாட். நடு சி-யிலிருந்து இடப்புறமாக இறங்கும்போது இரண்டாவதாக எதிர்ப்படும் எஃப்-இல் தொடங்கி, முதல் பாருக்கு எஃப், ஏ, சி, பி என்றும், இரண்டாம் பாருக்கு பி-ஃப்ளாட், ஏ-ஃப்ளாட், ஜி, ஜி-ஃப்ளாட் என்றும், மூன்றாம் பாருக்கு எஃப், ஜி, ஏ-ஃப்ளாட், ஏ என்றும், நான்காம் பாருக்கு சி, ஈ-ஃப்ளாட், சி, பி என்றும் வாசித்து, ஐந்தாம் பாரின் முதல் தட்டில் பி-ஃப்ளாட்டில் வந்து இறங்கிப் பார்க்க வேண்டும்.

இந்த 16 சுரங்களுக்குள் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. முதல் பாரின் கடைசிச் சுரமான பி, எஃப் செவன்த் கார்டில் இல்லாத சுரம். நிறுத்தி அழுத்திக் கேட்டால் தவறாகவே ஒலிக்கும். ஆனால் அது அடுத்து வரப்போகும் பி-ஃப்ளாட்டுக்கு அரைச்சுரம் மேலே நிற்கிறது, ஆகவே தன் கார்டுக்கு அந்நியமாக இருந்தாலும் அடுத்த கார்டுக்கு உறவாகிவிடுகிறது. இரண்டாம் பாரின் ஜி-ஃப்ளாட்டும் அப்படியே, எஃப்-க்கு அரைச்சுரம் மேலிருந்து இறங்குகிறது. இத்தகைய சுரத்தை அணுகுசுரம் எனலாம்: போய்ச்சேர வேண்டிய சுரத்துக்கு அரைச்சுரம் மேலிருந்தோ அரைச்சுரம் கீழிருந்தோ, அல்லது அதன் ஐந்தாவது சுரத்திலிருந்தோ வந்து சேர்வது. மூன்றாம் பாரின் ஏ-ஃப்ளாட் வேறுவிதமானது. அது ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெறும் படிக்கட்டு. நான்காம் பார் மூலச்சுரமான எஃப்-இல் தொடங்காமல் சி-யில் தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். ஒரே கார்டு இரண்டு பார் நீளும்போது இரண்டாம் பாரிலும் மூலச்சுரத்தையே குத்திக்காட்டினால் நடை தடுக்கி விழுந்தது போலாகும். அது தேவையுமில்லை, கேட்பவரின் காதில் அந்த எஃப் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

பாடநூல்கள் பலவற்றில் காணப்படும் சூத்திரம், முதல் தட்டில் மூலச்சுரம், இரண்டாவதில் மூன்றாம் சுரம், மூன்றாவதில் ஐந்தாம் சுரம், நான்காவதில் அணுகுசுரம் என்பதாகும். முதல் மாதத்துக்கு அது கைத்தடியாக உதவும். அதற்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் பாஸ் இலக்கணப் பிழையில்லாமலும் உயிரில்லாமலும் இருக்கும். காரணம், அந்தச் சூத்திரம் ஒவ்வொரு பாரையும் இடமிருந்து வலமாகக் கட்டுகிறது. பாஸ் கலைஞர் கட்டுவது எதிர்த்திசையில்: அடுத்த பாரின் முதல் சுரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்வது என்று தீர்மானித்து, எஞ்சிய தட்டுகளை அந்தப் பயணத்துக்கு ஏற்ப நிரப்புகிறார். இதைக் கைக்குக் கொண்டுவர எளிய பயிற்சி ஒன்று உண்டு. மேற்சொன்ன ப்ளூஸில் ஒவ்வொரு பாரின் நான்காம் தட்டையும் அடுத்த பாரின் முதல் தட்டையும் மட்டும் வாசித்து, இரண்டாம் மூன்றாம் தட்டுகளை மௌனமாக எண்ணிக் கடக்க வேண்டும். 12 பார்களும் இப்படிச் சுற்றி வரும்போது, இரண்டிரண்டு சுரங்களிலேயே பாட்டின் கார்டு வரிசை முழுதும் தெளிவாகக் கேட்பதை மாணவர் உணர்வார். அது கேட்காவிட்டால் நடுவில் எத்தனை அழகான சுரத்தை இட்டாலும் பயனில்லை.

ஜோசப் கோஸ்மா 1945-ல் இசையமைத்த "ஆட்டம் லீவ்ஸ்" பாட்டு இதற்கு அடுத்த படியாகப் பொருந்தும். ஜி மைனர் சுருதியில் வாசிக்கும்போது அதன் கார்டுகளின் மூலச்சுரங்கள் சி, எஃப், பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட், ஏ, டி, ஜி என்று செல்கின்றன. இவற்றில் ஈ-ஃப்ளாட்டிலிருந்து ஏ-க்குச் செல்லும் ஒரு தாவலைத் தவிர, ஒவ்வொரு மூலச்சுரமும் அடுத்ததற்கு ஐந்தாவது சுரமாகவே அமைந்திருக்கிறது. ஆகவே வழி எப்போதும் முன்கூட்டியே தெரியும், இடக்கைக்கு அச்சம் இராது. இதற்கு நேர்மாறான சோதனை மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டுத் தொகுப்பான "கைண்டு ஆஃப் புளூ"வில் உள்ள "சோ வாட்". அங்கே 16 பார்கள் டி-யை மையமாகக் கொண்ட ஒரே சுரவரிசை, பின்பு 8 பார்கள் அரைச்சுரம் மேலே, மீண்டும் 8 பார்கள் பழைய இடம். போய்ச்சேர அடுத்த கார்டு என்று ஒன்று வெகுநேரம் வருவதே இல்லை. பால் சேம்பர்ஸ் அந்த வெட்டவெளியில் மேலேறியும் இறங்கியும், தாமே சிறு சிறு இலக்குகளை வைத்துக்கொண்டு அவற்றை அடைந்தும் நடப்பதை ஒரு சுற்றாவது காதால் கேட்டு எழுதிப் பார்ப்பது, ஒரு முழுப் புத்தகம் படிப்பதற்கு ஈடாகும் என்று சொன்னால் அது மிகையாகாது. எழுதுவதற்கு முன் பாடிப் பார்க்க வேண்டும். டிரிஸ்டானோ தம் மாணவர்களை லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் ஆகியோரின் தனிவாசிப்புகளைக் கருவியைத் தொடும் முன் பாடவைத்தார், பாஸுக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும். தொண்டை எட்டாத தாழ்வில் இருந்தால் எண்மம் உயர்த்திப் பாடினால் போதும்.

எழுதப்பட்ட பாஸ் வரிகளைப் பார்த்துப் பழகுபவருக்கு ஓர் எச்சரிக்கை. டபுள் பாஸுக்கான சுரக்குறிப்பு அது ஒலிப்பதைவிட ஓர் எண்மம் உயர்த்தியே எழுதப்படுகிறது. பியானோக்காரர் அதைத் தாளில் உள்ளபடியே வாசித்தால் பாஸ் நடுக்கட்டைகளுக்கு ஏறி வந்து வலக்கையோடு முட்டிக்கொள்ளும். ஓர் எண்மம் இறக்கியே வாசிக்க வேண்டும். டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தியான ஈ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, 88 கட்டைப் பியானோவில் அது இடமிருந்து எட்டாவது கட்டை. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 61 கட்டைக் கீபோர்டிலோ பெரும்பாலும் அந்த ஈ இருக்காது, ஏனென்றால் அதன் முதல் கட்டையே அதற்கு மேலுள்ள சி-யில்தான் தொடங்குகிறது. எண்மம் மாற்றும் பொத்தானை அழுத்தியோ, கட்டைகளை இரண்டாகப் பிரித்துக் கீழ்ப்பகுதிக்கு பாஸ் ஒலியைக் கொடுத்தோ சமாளிக்கலாம். அத்தகைய கருவியின் சிறிய ஒலிபெருக்கி அந்தத் தாழ்ந்த சுரங்களைச் சரியாக வெளிப்படுத்தாது என்பதால், இடக்கை போதிய அழுத்தத்தோடு வாசிக்கிறதா என்பதை ஹெட்ஃபோனில் கேட்டுத் தீர்மானிப்பதே நம்பத் தகுந்தது.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது செவ்வியல் பயிற்சி பெற்றவர்களிடம் ஊறிப்போன இரண்டு பழக்கங்களைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று, கால்மிதி. சுரங்களை இணைக்க வலது பெடலை மிதிக்கும் பழக்கம் வாக்கிங் பாஸில் பெருங்கேடு விளைவிக்கும்; தாழ்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து குழம்பாகிவிடும். இணைப்பு விரல்களால் மட்டுமே நிகழ வேண்டும், ஒவ்வொரு சுரமும் அடுத்தது பிறக்கும் கணம்வரை நீடித்து, பிறந்ததும் விடப்பட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஏ-ஃப்ளாட்டிலிருந்து ஜி-க்கு இறங்கும்போது பெரும்பாலான கைகளில் கட்டைவிரல் உள்ளே நுழைய வேண்டிவரும். அந்த நுழைவில் ஒரு சிறு வெடிப்போ வெட்டோ கேட்டால் அந்த இரண்டு சுரங்களையே தனியாக எடுத்துச் சாதகம் செய்ய வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு பாரின் முதல் தட்டையும் அழுத்துவது. செவ்வியல் இசையில் அது இயல்பு. ஜாஸில் அது அணிவகுப்பு இசையாகிவிடும். நான்கு சுரங்களும் ஏறத்தாழச் சம எடையில் இருந்து, இரண்டாவதும் நான்காவதும் மயிரிழை கூடுதலாக இருப்பதே இங்கு வழக்கு.

இதற்கு மெட்ரோனோமை, அதாவது தாளக் கடிகையை, வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். நிமிடத்துக்கு 60 என்று வைத்து, விழும் ஒவ்வோர் ஒலியையும் இரண்டாம், நான்காம் தட்டாகக் கொண்டு, ஒன்றையும் மூன்றையும் மாணவரே நிரப்பினால் பாட்டின் வேகம் 120 ஆகும். தொடக்கத்தில் கடிகையின் ஒலி எப்படியோ நழுவி ஒன்றாம் தட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்; அப்போது நிறுத்திவிட்டு, வாயால் எண்ணி மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது நிலைபெற்றபின் கடிகையை 30-க்கு இறக்கி, நான்காம் தட்டில் மட்டும் அது ஒலிப்பதாகக் கொண்டு அதே வேகத்தில் வாசிக்கலாம். இந்தப் பயிற்சி சலிப்பூட்டுவது, மெச்சிக்கொள்ள எதுவும் கிடைக்காதது. எனினும் மோசமான சுரத்தோடு நேரம் தவறாமல் நடக்கும் பாஸை எந்தக் குழுவும் பொறுத்துக்கொள்ளும், நல்ல சுரத்தோடு தடுமாறும் பாஸை ஒருவரும் பொறுத்துக்கொள்ளார் என்பதால், இங்கே செலவிடும் நேரம் வீணாகாது. நான்கு தட்டும் இன்னும் கனமாகத் தோன்றினால் பாருக்கு இரண்டு சுரங்களாக, ஒன்றாம் மூன்றாம் தட்டுகளில் மட்டும் சில சுற்றுகள் வாசித்துவிட்டு நான்குக்கு மாறலாம்; பாஸ் கலைஞர்களே ஒரு பாட்டின் முதல் சுற்றை இரண்டிலும் தனிவாசிப்பு தொடங்கும்போது நான்கிலும் வாசிப்பது பரவலான வழக்கம்.

வலக்கைக்கு வருவோம். இடக்கை நடக்கும்போது வலக்கை முழுக் கார்டுகளைப் பிடிக்கத் தேவையில்லை. கார்டின் தன்மையைத் தீர்மானிக்கும் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இரண்டு போதும். எஃப் ப்ளூஸில் இதன் எளிமை வியப்பூட்டுவது: எஃப் செவன்த்துக்கு நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ள ஏ-யும் சற்று மேலே உள்ள ஈ-ஃப்ளாட்டும், இரண்டு விரல்களையும் அரைச்சுரம் கீழே நகர்த்தினால் ஏ-ஃப்ளாட், டி என்று பி-ஃப்ளாட் செவன்த்துக்கு உரிய சுரங்கள் வந்துவிடும், முதல் நிலையிலிருந்து அரைச்சுரம் மேலே நகர்த்தினால் பி-ஃப்ளாட், ஈ என்று சி செவன்த் ஆகிவிடும். அந்த மூன்று கார்டுகளிலேயே ஒரு முழு ப்ளூஸ் அடங்கும் என்பதால், இரண்டு விரல்களின் இந்தச் சிறு அசைவு முழுப் பாட்டுக்கும் போதுமானது. இவற்றை முதலில் பாரின் முதல் தட்டில் மட்டும், பின்பு முதல் தட்டிலும் இரண்டாம் தட்டைத் தாண்டிய அரைத்தட்டிலும் வைக்கலாம். இந்த இரண்டாவது அமைப்பைச் சார்ல்ஸ்டன் தாளம் என்பார்கள். 1923-ல் அந்தப் பெயரில் புகழ்பெற்ற பாட்டை இயற்றியவர் மேலே ஸ்ட்ரைடு தொடர்பாகச் சொல்லப்பட்ட அதே ஜேம்ஸ் பி. ஜான்சன். அரைத்தட்டில் வலக்கை விழும் கணத்தில் இடக்கையும் கூடவே விழத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் இரு கைகளையும் பிரிப்பது என்பதன் பொருள். மெதுவாக, ஒரே ஒரு பாரைத் திரும்பத் திரும்ப வாசிப்பதன்றி அதற்குக் குறுக்குவழி இல்லை.

மெட்டோடு சேர்த்துப் பழக எலிங்டனின் "சி ஜாம் ப்ளூஸ்" போல உதவும் பாட்டு வேறில்லை. அதன் மெட்டு ஜி, சி ஆகிய இரண்டே சுரங்களால் ஆனது. எஃப் சுருதிக்கு மாற்றினால் சி, எஃப். சுரங்களைத் தேடும் கவலை வலக்கைக்கு இல்லாததால், கவனம் முழுவதும் அவை எந்த அரைத்தட்டில் விழுகின்றன, அப்போது பாஸ் எங்கே நிற்கிறது என்பதில் குவியும். தனிவாசிப்பின் கற்பனை அதற்குப்பின் தானே வரும். வரும்போதும் இரண்டு பார் வாசித்து இரண்டு பார் ஓய்வது என்ற கட்டுப்பாட்டோடு வருவது நல்லது. வலக்கை ஓயும் அந்த இரண்டு பார்களில் பாஸ் தளர்கிறதா, வேகம் கூடுகிறதா என்பதை மாணவர் தாமே கேட்டறியலாம். ஒலிப்பதிவு செய்து கேட்டால் இன்னும் கசப்பாகவும் இன்னும் தெளிவாகவும் தெரியும்.

பாஸ் தனக்கென ஒரு பாட்டாக நடக்க முடியும் என்பது தமிழ்ச் செவிகளுக்குப் புதிதன்று. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் மெட்டுக்குக் கீழே வேறொரு மெட்டாக இழைவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே இசையமைப்பாளர் முன்கூட்டியே யோசித்து அமைத்தது ஒலிக்கிறது. ஜாஸில் அடுத்த சுற்றில் அதே பாரை அதே சுரங்களால் கடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கடப்பதும் அரிது. ஆகவே மேலே தரப்பட்ட 16 சுரங்களை மனப்பாடம் செய்வதில் தவறில்லை, இரண்டு பார் நீளமுள்ள இத்தகைய வரிகளைப் பத்துப் பதினைந்து கைவசம் வைத்திருப்பது விரும்பத்தக்கதும்கூட. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று வெவ்வேறு வரிசையில் கோக்கவும், ஒன்றின் பாதியில் மற்றொன்றுக்குத் தாவவும் பழகாவிட்டால் அது பூகி-வூகியின் சுழற்சியாகவே முடியும். பாஸ் கலைஞர்கள் இடையிடையே தூவும் சிறு துள்ளல் சுரங்களையும் இந்தக் கட்டத்தில் தள்ளிவைப்பதே நலம். நடை நிலைபெறும் முன் துள்ளினால் இரண்டும் கெடும்.

கடைசியாக, குழு வாசிப்பின் நடைமுறை பற்றி. இவ்வளவும் பழகிய மாணவர் பாஸ் கலைஞரோடு முதன்முறை வாசிக்க அமரும்போது இடக்கை தன் போக்கில் நடக்கத் தொடங்கிவிடுவது உண்டு. அதைவிட விரைவில் ஒரு குழுவின் பொறுமையைச் சோதிக்கும் செயல் வேறில்லை: ஒரே எண்மத்தில் இரண்டு பாஸ்கள், ஒருவர் பி-யிலிருந்து பி-ஃப்ளாட்டுக்கு இறங்க, மற்றவர் அதே தட்டில் ஏ-யிலிருந்து ஏற, கேட்பவருக்கு இரண்டும் விளங்காது. பாஸ் கலைஞர் இருக்கும் மேடையில் பியானோவின் இடக்கை நடு சி-யைச் சுற்றியே இருக்க வேண்டும், பிடிக்கும் கார்டுகளிலும் மூலச்சுரத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அதைச் சொல்ல வேறொருவர் இருக்கிறார். பாஸ் கலைஞர் தம் தனிவாசிப்பைத் தொடங்கும்போது பியானோக்காரர் நடக்கலாமா, ஒதுங்கலாமா என்பது குழுவுக்குக் குழு மாறுவது. ஒத்திகையிலேயே அவரைக் கேட்டுவிடுவது மரியாதை, பெரும்பாலோர் ஒதுங்கச் சொல்வார்கள்.

இங்ஙனம்,
பியானோ பயிற்றுவிக்கும் ஒருவர்